கேத்தில் அடியில் படிந்த சுண்ணாம்பு

லண்டன் ரெய்னர்ஸ் லேனில் எங்கள் வீட்டில் தண்ணீர் கொதிக்கவைக்கும் கேத்திலின் அடியில் படியும் வெள்ளைச் சுண்ணாம்பைச் சுரண்டும்போதெல்லாம் எனக்கு அண்ணையின் மேல் பழைய கோபம் ஏறும். இரண்டாயிரங்களின் நடுவில், லண்டன் ஆய்வுகூடம் ஒன்றில் முனைவர் பட்டத்துக்காக வடதுருவப் பக்கத்து நிலத்தடிப் பனிக்கட்டியை ஆராய்ந்துகொண்டிருந்தேன். அண்ணை என்று நான் கூப்பிட்ட எங்கள் நாட்டவர் ஒருவர் அங்கே ஆய்வுப் போத்தல்கள் கழுவுபவர். ஜேர்மனியில் பல வருடம் உணவகங்களில் வேலை செய்துவிட்டு இங்கே ஆர்ச்வேயில் குடியேறியவர்.

கோடையிலும் உருகாத அந்த மண்ணுக்குள் இருக்கும் பனிக்கட்டி, தான் உறைந்த இடத்தின் குணத்தை வைத்திருக்கும். சுண்ணாம்புப் பாறைச் சரிவின் அடியில் உறைந்தது என்றால் உருக்கிய நீரில் சுண்ணாம்பு தெரியும். பாசி மண்டிய சதுப்பில் உறைந்தது என்றால் அநேகமாக வெறும் மழைநீர்தான். இந்த வித்தியாசத்தைக் காட்டுவதுதான் என் ஆய்வு. ஆனால் சதுப்புப் பனியிலும் சுண்ணாம்பு வந்தது. ஒன்றிரண்டில் அல்ல, எல்லாவற்றிலும். மாதக்கணக்காக இயந்திரத்தைத் திட்டினேன், பனியை வெட்டி அனுப்பியவர்களைத் திட்டினேன்.

ஒருநாள் தேநீர் நேரத்தில் அண்ணை, கழுவிக் கவிழ்த்திருந்த கோப்பையைக் குழாயில் இன்னொருமுறை அலசிவிட்டு எனக்கு ஊற்றினார். எங்கள் வீடுகளில் யாருக்குக் கொடுத்தாலும் அப்படித்தான். தினமும் பார்த்ததுதான். அன்று கோப்பையை வாங்காமல் குழாயைப் பார்த்தேன்.

"அண்ணை, என்ர போத்தலுகளையும் இப்பிடித்தான் அலசுறனீங்களோ?"

"ஓம் பிள்ளை. அலசாமல் ஒராளுக்குக் குடுக்க ஏலுமே?"

உப்பெல்லாம் நீக்கிய நீரில் கழுவி முடித்த விரலளவுப் போத்தல்களில், கடைசியாக லண்டன் குழாய்த் தண்ணீர். நான் இவ்வளவு காலமும் அளந்தது இந்த ஊர்ச் சுண்ணாம்பை. உருகிய பனி உருகியதுதான். மிஞ்சிய சில துண்டுகளுக்கு நானே போத்தல் கழுவினேன். அவை பட்டத்துக்குப் போதவில்லை.

"நான் ஊத்தையாக் கழுவினனோ பிள்ளை?" என்று அண்ணை கேட்டார். விளக்கினேன், எரிச்சலோடுதான் விளக்கினேன். அவருக்கு ஏறியது ஒன்றுதான்: அவர் கைபட்டதை நான் தொடமாட்டேன் என்பது. அதன்பின் என் கோப்பையை மட்டும் அலசாமல், ஊற்றாமல், கேத்திலுக்குப் பக்கத்தில் அப்படியே கவிழ்த்து விட்டுவிடுவார். நானும் வீம்புக்கு நானே ஊற்றிக் குடித்தேன்.

நேற்று வீட்டுக்கு ஆட்கள் வந்திருந்தார்கள். கேத்திலைச் சுரண்டிக் கொதிக்க வைத்துவிட்டு, கழுவிவைத்த கோப்பைகளை எடுத்தேன். கை தானாகக் குழாயைத் திறந்தது. ஒவ்வொன்றாக அலசினேன். எத்தனை பேருக்கு இப்படி அலசிக் கொடுத்திருப்பேன். அண்ணைக்கு ஒருநாளும் கொடுத்ததில்லை.