பங்களாப் புல்லுக்குக் குழி வெட்டினோம்

குழாய்க்குக் குழி வெட்டுவது ஒரு மாதிரியான தொழில். வேலை நன்றாக முடிந்தால், வேலை நடந்ததே யாருக்கும் தெரியாது. முதுகு பிடித்துக்கொண்டு குப்புறப் படுத்தவர்களுக்கு நான் சொல்வது புரியும். எழுபதுகளில் ஒரு கோடையில், பாலக்காட்டுப் பக்கத்து எலப்புள்ளியிலிருந்து நானும் கூட்டாளி பழனிச்சாமியும் குமுளிக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்துக்குப் போனோம். தோட்ட மேனேஜரான துரையின் பங்களாவுக்கு முன்னால் இருந்த புல்தரைக்குத் தண்ணீர் தூவும் ஸ்பிரிங்க்ளர் வைக்கப்போகிறார்கள். அதற்குக் குழி வெட்டுவது எங்கள் வேலை.

புல்லுக்கு மரியாதை

துரை கயிறு பிடித்துக் கோடு காட்டினார். புல்லை வேரோடு பாளம் பாளமாக எடுத்து நிழலில் வைத்து, தண்ணீர் தெளித்து, குழியை மூடிய பிறகு அதே இடத்தில் திரும்ப வைக்க வேண்டுமாம். ஆயுசெல்லாம் வரப்பில் களை வெட்டிய பழனிச்சாமி கவனமாகக் கேட்டுக்கொண்டு சொன்னான்: "ஏனுங்க, எங்கூருல புல்லு மொளைக்காம இருக்கத்தானுங்க மம்முட்டியவே எடுப்போம்."

கொய்யா மரத்தடி

மறுநாள் கொய்யா மரத்தடியில் கடப்பாரை மரப்பெட்டி ஒன்றில் இடித்தது. புதையல் என்று நினைத்துப் பழனிச்சாமி கையாலேயே மண்ணைத் தள்ளினான். உள்ளே எலும்பும் ஒரு தோல் கழுத்துப்பட்டையும் இருந்தன. துரையம்மா செருப்பில்லாமல் ஓடிவந்து குழிக்குள் இறங்கினார். அவர் வளர்த்த நாய். பட்டையை முந்தானையால் துடைத்து, உள்ளே வைத்து, பெட்டியை மூடினார்.

குழி நேராகப் போனால்தான் தண்ணீருக்கு வேகம் இருக்கும் என்றார் துரை. துரையம்மா குழியைவிட்டு ஏறவே இல்லை. "அப்போ தண்ணி மெதுவா வரட்டும். இவன் எங்கேயும் போக மாட்டான்."

முதல் தண்ணீர்

குழாயைத் திறந்த அன்று தண்ணீர் எழும்பிச் சுற்றிச் சுற்றித் தூவியது. துரை கைதட்டினார். கொஞ்ச நேரத்தில், கீழே தொழிலாளர் வீட்டு வரிசையான லயத்திலிருந்து பெண்கள் குடங்களோடு ஏறி வந்தார்கள். இரண்டு இடத்துக்கும் ஒரே தொட்டி. இங்கே திறந்ததும் அங்கே குழாய் நின்றுவிட்டது. குடங்களைப் புல்மேல் வரிசையாக வைத்துவிட்டு, நனைந்தபடி நின்றார்கள். அந்தத் தூறலில் குடம் நிறைய அந்தி சாய்ந்துவிடும். எனக்குக் கையை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை.

கங்காணி விரட்ட வந்தார். துரை அவரைத் தடுத்து, என்ன வேண்டும் என்று கேட்டார். முன்னால் நின்ற முத்தம்மா என்ற பெண் முகத்துத் தண்ணீரை வழித்துவிட்டுச் சொன்னாள்: "புல்லு குடிக்கட்டும் தொரை, வேண்டாங்கலை. பிள்ளைகளுக்குச் சோறு பொங்க ஒரு கொடம் ரொம்புனா போயிருதோம்."

மறுநாளே புல்லுக்குப் போட்ட அந்தக் குழாயைத் தோண்டியெடுத்து, தொட்டியிலிருந்து லயத்துக்கென்று தனியாகப் போடச் சொன்னார் துரை. ஒரே குழாய்க்கு இரண்டு தரம் குழி வெட்டியும் நாங்கள் முணுமுணுக்காத வேலை அது ஒன்றுதான்.