மச்சானுக்குக் கேட்ட நாற்காலி

நெட்டையனுக்கு அம்மா முகம் நினைவில்லை. அம்மா என்று யாராவது சொன்னால் அக்கா இடுப்புதான் நினைவுக்கு வரும். அவனை இடுப்பில் வைத்துக்கொண்டேதான் அவள் அடுப்பைப் பார்த்தாள், தண்ணீர் பிடித்தாள், அப்பாவோடு சண்டையும் போட்டாள். கல்யாணம் பேச வந்தவர்களிடம், "தம்பியும் என்கூட வருவான், இஷ்டமிருந்தா பாருங்க" என்று சொல்லிவிட்டாள். வந்தவர்கள் முகம் சுருங்கிப் போயிற்று. மாப்பிள்ளை மட்டும், "வரட்டுமே, நடந்துதானே வரப்போறான், நாமளா தூக்கப்போறோம்?" என்றார்.

அவர்தான் மச்சான். நெட்டையன் அவர் வீட்டில் வளர்ந்து, நிலைவாசலில் தலை இடிக்கிற உயரத்துக்கு வந்து, பின்கட்டு அறையிலேயே தங்கிவிட்டான். கல்யாணம் அமையவில்லை. அது வேறு கதை.

மச்சான் மரம் அறுக்கும் ஆலையில் இருந்தார். ஆலையை ஒருநாள் மூடிவிட்டார்கள். சும்மா இருக்கத் தெரியாத மனுஷன் அவர். நன்றாக ஓடிக்கொண்டிருந்த மின்விசிறியைக் கழற்றி மாட்டினார், அது சுற்றாமல் போனது. நன்றாக இருந்த குழாயைத் திருகி ஒழுக வைத்தார். பிறகு அதுவும் போய், சுவரைப் பார்த்து உட்கார ஆரம்பித்தார். சாப்பிடக் கூப்பிட்டால்கூடத் திரும்புவதில்லை.

அக்கா ஒருநாள் நெட்டையன் வேலை பார்க்கும் கிடங்கு வாசலுக்கே வந்துவிட்டாள்.

"இத்தனை வருஷத்துல உன்கிட்ட ஒண்ணு கேட்டிருக்கேனாடா? இவருக்கு ஏதாவது ஒரு வேலை பாத்துக் குடு. சம்பளம் எவ்வளவோ இருந்துட்டுப் போகுது. வீட்ல உக்கார வெச்சா செத்துருவாருடா இந்த மனுஷன்."

நெட்டையன் மேலாளர் காலில் விழாத குறையாகக் கெஞ்சி, மச்சானை உள்ளே சேர்த்தான்.

அது செருப்பும் ஷூவும் வைக்கும் கிடங்கு. உள்ளே நுழைந்தால் ரப்பர் வாசனையும் பசை வாசனையும் மூக்கில் ஏறும். ஒரு அட்டைப்பெட்டிக்கு ஒரே அளவு ஜோடிகள். ஒவ்வொரு கடையும் கேட்ட அளவுகளைப் பார்த்து, அடுக்குகளிலிருந்து பெட்டி இறக்கி, கடைக்கு ஒரு தள்ளுவண்டியாகச் சேர்த்து வைப்பது நெட்டையன் வேலை. கையை நீட்டினால் மேல் அடுக்கு எட்டும், ஏணி வேண்டாம். வண்டி வாசலுக்கு வந்ததும் மறுபடி ஒருமுறை பெட்டி பெட்டியாகச் சரிபார்ப்பது மச்சான் வேலை. அளவு எழுதிய சீட்டு பெட்டியின் தலையில் ஒட்டியிருக்கும். அடுக்கி வைத்தால் மேல் பெட்டி சீட்டு மட்டும்தான் கண்ணுக்குத் தெரியும். ஆகவே மச்சான் குனிந்து, ஒவ்வொன்றையும் தூக்கி, படித்து, சாக்பீஸால் ஒரு கோடு இழுத்து, மறுபடி வைப்பார்.

நெட்டையன் 'மச்சான்' என்று கூப்பிடுவதைக் கேட்டு மொத்தக் கிடங்கும் அவரை மச்சான் ஆக்கிக்கொண்டது. மேலாளரும்கூட.

"உங்கப்பாவுக்கு நீயும் உங்கக்காவும்தான்னு நம்பித்தான் கட்டினேன் மாப்ளே," என்பார் மச்சான். "இங்க வந்து பார்த்தா கிடங்கு பூரா மச்சினனுங்களா இருக்கானுங்க!"

லாரியில் ஏற்றுகிறவனுக்கு அவசரம் என்று பெயர். "மச்சான், லாரிக்கு நரை விழறதுக்குள்ள ஏத்திடலாமா?" என்று பின்னால் நின்று முனகுவான்.

"தப்பான அளவு போச்சுன்னா, நீ போய் அந்தாளு காலைச் செதுக்கிச் சரி பண்ணுவியா?" என்பார் மச்சான், குனிந்தபடியே.

சிரிப்பும் பேச்சுமாகத்தான் போயிற்று. ஆனால் சில வருஷங்களில் முட்டி போய்விட்டது. வீட்டுப் படியில் சுவரைப் பிடித்துக்கொண்டு, பக்கவாட்டில் ஒரு காலை வைத்து மறு காலை இழுத்து ஏறுவார். அக்கா வெந்நீர்த் துணி வைத்து ஒத்தடம் கொடுப்பாள். "வேலையை விட்டுடுங்களேன்" என்று மட்டும் அவள் வாயில் வராது. ஒத்தடத்தின்போது அவர் பல்லைக் கடிக்கும் சத்தம் பின்கட்டு வரைக்கும் நெட்டையனுக்குக் கேட்கும்.

அந்தச் சமயத்தில்தான் தலைமை அலுவலகத்திலிருந்து ஓர் அம்மா வந்தார்கள். மரியாதையான அம்மா. எல்லாரையும் உட்கார வைத்து, தேநீர் கொடுத்து, "எங்க நேரம் வீணாகுது, எங்க தப்பு நடக்குது, அதை எப்படிச் சரி பண்ணலாம்? வேலை செய்யறவங்கதான் சொல்லணும்" என்றார்கள். எல்லாரும் தரையைப் பார்த்தார்கள். நெட்டையன் எழுந்தான்.

அவன் மனதில் இருந்தது அக்கா வீட்டுப் பைகள். அக்காவின் இரண்டு பெண்களுக்கும் ஒரே மாதிரிப் பள்ளிக்கூடப் பை. காலை அவசரத்தில் மாறிவிடக் கூடாதென்று அக்கா ஒன்றின் காதில் சிவப்புத் துணியும் மற்றதில் பச்சைத் துணியும் முடிந்து வைப்பாள். எந்த மூலையில் கிடந்தாலும் எது யாருடையது என்று தெரியும்.

"அளவுக்கு ஒரு நிறம்னு வெச்சு, பெட்டியோட மூலையைச் சுத்தி நாடா ஒட்டிடலாம்மா. எந்தப் பக்கம் திரும்பினாலும் தெரியும். ஒரே நிறத்தை ஒரே வரிசையா அடுக்கிட்டா, தப்பு இருந்தா தூரத்துலேருந்தே கண்ணுல குத்தும். குனிய வேண்டாம், தூக்க வேண்டாம், பார்த்தா போதும்."

"ரொம்ப நல்ல யோசனை. எப்படித் தோணுச்சு?"

"மச்சானுக்கு முட்டி வலிம்மா," என்றான் நெட்டையன். "அப்படியே ஒரு நாற்காலியும் குடுத்தீங்கன்னா, அவர் உக்காந்தே பார்த்துடுவாரு."

நாடா வந்தது. நாற்காலியும் வந்தது, கைப்பிடி வைத்த நாற்காலி. மச்சான் கால்களை நீட்டி உட்கார்ந்து வண்டிகளைப் பார்வையிட்டார். கடைகளிலிருந்து அளவு மாறித் திரும்பி வரும் பெட்டி நின்றே போயிற்று. லாரிகள் வெயில் சாய்வதற்கு முன்பே கிளம்பின. அவசரத்துக்கே அவசரப்பட ஒன்றுமில்லாமல் போனது. அன்றிரவு அக்கா தன் பங்கையும் சேர்த்து நெட்டையன் தட்டில் வைத்தாள். அவள் நன்றி சொல்லும் வழக்கம் அது.

அது எவ்வளவு நாள் நீடித்தது? அடுத்த மாதச் சம்பளம் வரைக்கும்கூட இல்லை.

குனிந்து கிடந்தவரை, இத்தனை வருஷம் வாசலைக் கடந்த யாரும் கவனித்ததில்லை. நாற்காலியில் உட்கார்ந்தவர் எல்லார் கண்ணிலும் பட்டார். மேலாளர் நெட்டையனைத்தான் முதலில் கூப்பிட்டு, மச்சான் இனி வர வேண்டாம் என்றார்.

"சார், அவரு இல்லேன்னா மறுபார்வை யாரு பார்க்கறது?"

"நீதானேப்பா சொன்னே, பார்த்தா போதும்னு? பார்க்கறதுக்கு லாரி ஏத்துறவனுக்கே கண்ணு இருக்கே."

"வேற ஏதாவது வேலை போட்டுக் குடுங்க சார்."

"மத்ததெல்லாம் தூக்குற வேலை. அவர் முட்டி வெச்சுக்கிட்டு எப்படி? அதையும் நீதானே சொன்னே."

மேலாளர் கெட்டவர் இல்லை. சொல்லும்போது அவர் நெட்டையன் முகத்தைப் பார்க்கவில்லை. வாசலில் இனி அந்த நாற்காலிக்கு வேலையில்லை, மச்சானே வீட்டுக்கு எடுத்துக்கொள்ளட்டும் என்றும் சொன்னார்.

மச்சான் நாற்காலியைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு தெரு வழியே போனார். "என்ன மச்சான், நாற்காலியோட?" என்று கேட்ட கடைக்காரரிடம், "பதவி குடுத்திருக்காங்க" என்றார். நெட்டையன் பத்தடி பின்னாலேயே நடந்தான். கூடச் சேர்ந்து நடக்க அவனால் முடியவில்லை.

அக்கா திட்டியிருந்தால் தேவலை. சோறு போட்டாள், குழம்பு ஊற்றினாள், முகத்தை மட்டும் திருப்பிக்கொண்டாள்.

மச்சான் நாற்காலியைக் கூடத்தில் சுவரைப் பார்த்துப் போட்டுக்கொண்டார். நெட்டையன் வேலை முடிந்து வந்ததும் ஒரே ஒரு கேள்வி வரும்.

"இன்னிக்கு ஏதாவது தப்பாப் போச்சா மாப்ளே?"

"இல்ல மச்சான்."

"போகாது. நல்ல யோசனை அது."

முட்டி எப்படி இருக்கிறது என்று கேட்டால், "வலியே இல்ல. ஏறி இறங்க எங்க இருக்கு?" என்பார். சாப்பாடு குறைந்தது. சட்டை போடுவதை விட்டார். பெண்கள் இரண்டும் பள்ளிக்கூடம் விட்டு வந்து அப்பாவைச் சுற்றிக்கொண்டு உள்ளே போகப் பழகிவிட்டன.

நெட்டையன் ஒரு தப்புக்காகக் காத்திருந்தான். அளவு மாறி ஒரு பெட்டி எங்காவது போய், கடைக்காரன் கூச்சல் போட்டு, வாசலில் ஓர் ஆள் வேண்டும் என்று யாராவது சொல்ல மாட்டார்களா என்று. பெட்டிகள் வரிசை வரிசையாக, அழகாக, ஒரு பிசகும் இல்லாமல் போய்க்கொண்டே இருந்தன. கடைசியில் அவனே துணிந்தான். நீல நாடா வரிசையின் நடுவில் மஞ்சள் நாடாப் பெட்டி ஒன்றைச் செருகி வைத்தான். கிடங்கில் சேர்ந்த நாளிலிருந்து தெரிந்து ஒரு தப்பு செய்தவனில்லை அவன்.

வண்டி வாசலைத் தொடக்கூட இல்லை, அதற்குள் அவசரம் கத்திவிட்டான்.

"அண்ணே! நீல வரிசைல மஞ்சளா ஒரு பல்லு துருத்திக்கிட்டு நிக்குது பாருங்க!"

எல்லாரும் சிரித்தார்கள். மேலாளர் வந்து நெட்டையன் முதுகில் தட்டினார். "பாத்தியா, உன் யோசனை உன்னையே பிடிக்குது!"

அன்று மாலை மச்சான் கேட்டபோது அவன் வாயில் தன்னால் வந்துவிட்டது.

"போச்சு மச்சான். ஒரு பெட்டி மாறிப் போயிடுச்சு."

மச்சான் திரும்பினார். எத்தனையோ நாளாகச் சுவரையே பார்த்த முகம். "எந்த அளவு?"

"நீலத்துல மஞ்சள்."

"கடைக்கே போயிடுச்சா?"

"ஆமா."

மச்சான் நாற்காலியின் கைப்பிடியை ஊன்றி எழுந்தார். உள்ளே போய்ச் சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டு வந்தார். கழுத்து வரைக்கும் பொத்தான் போட்டார். பையில் சாக்பீஸ் இருக்கிறதா என்று தடவிப் பார்த்துக்கொண்டார்.

"அப்ப கூப்பிடுவாங்கல்ல மாப்ளே?"

நெட்டையன் தலையை ஆட்டினான். ஆம் என்றும் இல்லை என்றும் இல்லாத ஓர் ஆட்டம்.

அன்று மச்சான் வயிறு நிறையச் சாப்பிட்டார். மறுநாள் விடியும்போதே சட்டையோடு உட்கார்ந்திருந்தார். நாற்காலி தெருவைப் பார்த்துத் திரும்பியிருந்தது. அதற்கு மறுநாளும் அப்படியே. யாராவது செருப்புச் சத்தத்தோடு தெருவில் நடந்தால் பாதி எழுந்து, மறுபடி உட்காருவார்.

மூன்றாம் நாள் குழாயடியில் அக்கா நெட்டையனைப் பிடித்துக்கொண்டாள். முகத்தை இப்போது திருப்பவில்லை.

"நிஜமாவே தப்பாப் போச்சாடா?"

அவன் நிரம்பும் குடத்தையே பார்த்தான். அவளுக்குப் புரிந்துவிட்டது. இடுப்பில் வைத்து வளர்த்தவளுக்கு அவன் பொய் எப்படியிருக்கும் என்று தெரியாதா?

"அவர்கிட்ட போய் உண்மையைச் சொல்லிடறேன்க்கா."

"வேண்டாம்."

"அப்புறம் எத்தனை நாளைக்கு இப்படியே..."

"சொல்லாதே." குடத்தில் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது, அவள் குழாயை மூடவில்லை. "சட்டை ரெண்டு இருக்கு. மாத்தி மாத்தித் துவைச்சுப் போடறேன். வேற என்னடா பண்ணச் சொல்றே என்னை?"

கூடத்திலிருந்து மச்சான் குரல் கொடுத்தார்.

"மாப்ளே! வரும்போது கதவைச் சாத்திடாதே. கூப்பிட வர்றவன் ஆளில்லைன்னு நெனச்சுத் திரும்பிடப் போறான்."

நெட்டையன் நிலையில் தலையைக் குனிந்து உள்ளே வந்தான். கதவை அகலத் திறந்து, காற்றில் அடித்துக்கொள்ளாமல் இருக்க அடியில் ஒரு செங்கல்லை வைத்தான். மச்சானைப் பார்க்காமல் பின்கட்டுக்குப் போனான்.