கண்ணாடித் தட்டில் கோட்டை கட்டிய நிலா

இன்று கிருஷ்ணகிரியிலிருந்து ஓசூர் வரும் பஸ்ஸில், கைப்பேசியில் ஒரே படத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டே வந்தேன்.

குந்தாரப்பள்ளியில் ஏறி என் பக்கத்தில் உட்கார்ந்த அக்கா எட்டிப் பார்த்துப் பதறினார்.

“ஐயோ, நிலாவச் சுத்தி வட்டமாக் கோட்டை கட்டியிருக்குதே! மழை வருமே கண்ணு. எங்க தோப்புல இப்பத்தான் மாமரமெல்லாம் பூ விட்டிருக்குது. அத்தனையும் கொட்டிப் போயிடுமே.”

“இது நிலா இல்லக்கா. எங்க லேப்ல வெச்ச கண்ணாடித் தட்டு. சுத்தி மங்கலா இருக்கிறது, புண்ணுல சீழ் பிடிக்க வைக்கிற கிருமி. நடுவுல வெள்ளையா இருக்கிறது நான் செஞ்ச துத்தநாக ஆக்சைடு நானோத் துகள். அது கிருமிய வளர விடல. அதச் சுத்திக் கிருமி வளராத இடந்தான் வட்டமாத் தெரியுது.”

“எதப் போட்டுச் செஞ்ச?”

“துத்தநாக உப்புல மாவிலைச் சாறு கலந்துக்கா.”

அவர் கைப்பேசியை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார்.

“அப்ப எங்க மரந்தான் கோட்டை கட்டியிருக்குது.”

மாதக்கணக்கில் வட்டமே விழாத தட்டுகளைக் கழுவிக் கழுவி வைத்தவள் நான். ஜன்னலில் பூத்த தோப்புகள் புகைபோல மிதந்து போயின.

சூளகிரியில் இறங்கும்போது மறுபடி கேட்டார்: “மழை வராதில்ல?”

“வராதுக்கா” என்றேன், விஞ்ஞானியின் முழு அதிகாரத்தோடு.

இப்போது ஓசூர் பஸ் ஸ்டாண்டில் நிற்கிறேன். தூறுகிறது.

இதை ஆய்வேட்டில் எந்த அத்தியாயத்தில் சேர்ப்பது? என் கைடுக்குத் தெரியாமல் சொல்லுங்கள்.