கோமுகியில் சத்தம் போடாதீர்கள்

கரையில் நிற்கும்வரை எல்லாரும் தைரியசாலிகள்தான். துடுப்பைக் கையில் கொடுத்தால்தான் சுயரூபம் தெரியும்.

கல்வராயன் மலையடிவாரத்தில், கோமுகி அணையில், ஆட்களைக் கயாக்கில் கூட்டிப்போவது என் வேலை. கயாக் என்றால் ஒருவரோ இருவரோ காலை நீட்டி உட்காருகிற ஒல்லிப் படகு. எங்களுடையது எல்லாமே மஞ்சள். வடக்கனந்தல் பக்கம் வந்து ‘கயாக்’ என்று கேட்டால் முழிப்பார்கள், ‘மஞ்சப் படகு’ என்றால் கூடவே வந்து விட்டுவிட்டுப் போவார்கள். கரையிலிருந்து கிளம்பி, மலையிலிருந்து ஆறு இறங்கி அணைக்குள் நுழைகிற இடம்வரை போக வேண்டும். வழியில் பறவை காட்ட வேண்டும், பழங்கதை சொல்ல வேண்டும், போன தலைகளை எண்ணித் திரும்பக் கொண்டுவந்து சேர்க்க வேண்டும். கூட முருகேசன் இருக்கிறான். முன்னே பரிசல் ஓட்டியவன், இப்போது என்னோடு கயாக் ஓட்டுகிறான்.

இதற்கு முன் கள்ளக்குறிச்சியில் ஒரு ஜவுளிக்கடையில் நின்றபடியே புடவை மடித்துக்கொண்டிருந்தேன். கடை முழுக்கப் பிரித்துப் போடச் சொல்லிவிட்டு, “அப்புறம் வரோம்” என்று எழுந்து போகிறவர்களைப் பார்த்துச் சிரித்துச் சிரித்து மரத்துப்போன வாய் இது. வாடிக்கையாளர் முன்னால் நின்று காலம் தள்ளுகிற எல்லாரும் எனக்குச் சொந்தம்தான். உங்கள் கணுக்கால் வலி எனக்குத் தெரியும். இந்த வேலையில் உட்கார்ந்திருக்கலாம். அந்த ஒரு சுகத்துக்காகவே இதை விடக் கூடாது என்று இருந்தேன்.

ஆனால் விடுவதும் விடாததும் ராஜமாணிக்கம் அண்ணன் கையில் இருந்தது. அணையில் மீன் பிடிக்கிறவர்களுக்கெல்லாம் அவர்தான் தலை. மீன்பிடிக்கிறவர்கள் ஆட்சேபிக்காதவரைதான் எங்கள் படகு தண்ணீரில் இறங்கலாம் என்பது பேச்சு. அவர் வேண்டாம் என்றால் நான் மறுபடி புடவை மடிக்க வேண்டியதுதான்.

பாம்பு

வருகிறவர்கள் கேட்கிற முதல் கேள்வி ஒன்றுதான்: “முதலை இருக்கா?” இல்லை என்றால் முகம் வாடிவிடும். ஒருவேளை இருந்து, நான் மறைக்கிறேனோ என்று சந்தேகமும் வரும்.

தியாகதுருகத்திலிருந்து ஒருவர் மைத்துனர்கள் நாலு பேரோடு வந்தார். மளிகைக்கடைக்காரர். முதலை இல்லை என்றதும், “சரி, வேற இன்னா இருக்குது?” என்று கிளம்பினார். பாதி வழியில் தண்ணீருக்கு மேலே ஒரு கழுத்து மட்டும் நீளமாக எழுந்து, இப்படியும் அப்படியும் திரும்பிப் பார்த்தது. அது பாம்புத்தாரா. உடம்பை முழுக்கத் தண்ணீருக்குள் வைத்துக்கொண்டு கழுத்தை மட்டும் வெளியே நீட்டி நீந்துகிற பறவை. நான் வாயைத் திறப்பதற்குள் அவர் “பாம்பு!” என்று கத்தினார். மைத்துனர்கள் அவரைவிடப் பெரிதாகக் கத்தினார்கள். எதிர்க்கரையில் வலையை உதறிக்கொண்டிருந்த ராஜமாணிக்கம் அண்ணன் நிமிர்ந்து பார்த்தார். பறவை சாவகாசமாக ஒரு மீனைப் பிடித்து, மேலே தூக்கிப் போட்டு விழுங்கிவிட்டு, மொட்டை மரத்தில் ஏறி இறக்கையை விரித்துக் காய வைத்தது. நானும் அலகைக் காட்டினேன், இறக்கையைக் காட்டினேன், காலைக்கூடக் காட்டினேன். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டுக் கரையில் இறங்கும்போது அவர் சொன்னார்:

“பறவைன்றீங்க, சரி. ஆனா ஊர்ல போய் நான் பாம்புன்னுதான் சொல்லுவேன்.”

மீன் மிரளுது

அன்று சாயந்திரமே ராஜமாணிக்கம் அண்ணன் வந்தார். கவிழ்த்து வைத்திருந்த எங்கள் படகு ஒன்றின் மேல் உட்கார்ந்து, பீடியைப் பற்ற வைத்து, அது பாதி தீரும்வரை தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“அண்ணா, டீ சொல்லட்டா?” என்றேன்.

“டீ கெடக்கட்டும். உங்க ஆளுங்க போடற சத்தத்துல மீனெல்லாம் மிரண்டுக்கினு அடியில போய்க் குந்திக்கிது. மழை வரட்டும், அணை ரொம்பட்டும், மொத வலை போடறேன். வலையில மீன் கம்மியாச்சின்னு வையி, எம்மா சுமதி, நான் சண்டைக்கெல்லாம் வரமாட்டேன். உன் மஞ்சப் படகெல்லாம் வண்டியில ஏத்திக்கினு வேற ஏரி பாத்துக்க, அவ்ளோதான்.”

அன்றிலிருந்து கிளம்புவதற்கு முன் எல்லாரிடமும் கையெடுத்துக் கும்பிட்டுச் சொல்ல ஆரம்பித்தேன்: தயவு செய்து தண்ணீரில் சத்தம் போடாதீர்கள். அதற்கும் ஒரு வாடிக்கையாளர் பதில் வைத்திருந்தார்:

“சத்தம் போடாம இருக்கறதுக்கு நான் வூட்லயே இருந்திருப்பேனே!”

வெள்ளைச் சட்டை

உயிர்காப்பு ஜாக்கெட் போடாமல் யாரையும் ஏற்றுவதில்லை. வடக்கனந்தலில் கரும்பு போடுகிற ஒரு பெரியவர் வந்தார். முறுக்கின மீசை, கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டை. “கெணத்துல குதிச்சு வளர்ந்தவன்மா நானு. எனக்கா ஜாக்கெட்டு?” என்றார். குதித்த கிணறு எத்தனை ஆழம், அதில் எத்தனை மோட்டார் இறங்கியிருக்கிறது, எல்லாம் சொன்னார். நான் ஜாக்கெட்டை நீட்டியபடியே நின்றேன். ஜவுளிக்கடையில் நின்று பழகியவளை நிற்பதில் ஜெயிக்க முடியுமா?

கடைசியில் ஜாக்கெட்டை வாங்கிக்கொண்டு புளியமரத்துக்குப் பின்னால் போனார். திரும்பி வந்தபோது ஜாக்கெட் உள்ளே, வெள்ளைச் சட்டை வெளியே. பொத்தான் ஒன்றும் எட்டவில்லை. தோள் இரண்டும் காதுவரை ஏறியிருந்தது. முருகேசன் சிரிப்பை அடக்க முடியாமல் துடுப்பு எடுக்கிற சாக்கில் ஓடிவிட்டான். பெரியவர் எதையும் கண்டுகொள்ளாமல் படகில் உட்கார்ந்து மீசையைத் தடவிக்கொண்டார்.

“உங்க ரூலும் நிக்கணும், என் மரியாதியும் நிக்கணும், இல்லியா?”

கொக்கு

முருகேசனுக்கு எல்லாப் பறவையும் கொக்குதான். நீர்க்காகம் கருப்புக் கொக்கு. மீன்கொத்தி நீலக் கொக்கு. நாமக்கோழி குண்டுக் கொக்கு. சென்னையிலிருந்து முழ நீளக் கேமராவோடு வந்த ஒருவர் இவன் சொன்னதை நம்பிக் குறித்துக்கொண்டுபோய், பிறகு போனில் என்னைப் பிடித்துக்கொண்டார். ஒழுங்காகப் பெயர் கற்றுக்கொள்ளக் கூடாதா என்று நான் முருகேசனைத் திட்டினேன். அவன் அசரவில்லை.

“நம்ம வச்ச பேருதானக்கா அதெல்லாம்? நீங்க பேரச் சொல்லிக் கூப்ட்டா அது திரும்பியா பாக்கப் போவுது?”

புதுமாப்பிள்ளை

கல்யாணமான கையோடு வருகிறவர்களுக்கு இரட்டைப் படகு கொடுப்போம். வீட்டுக்குப் போய்த் தெரிந்துகொள்ள வேண்டிய எல்லாவற்றையும் இரட்டைப் படகு உடனே தெரிவித்துவிடும். முன்னால் உட்காருகிறவர் எந்தப் பக்கம் துடுப்புப் போடுகிறாரோ, பின்னால் இருப்பவரும் அதே பக்கம், அதே நேரத்தில் போட வேண்டும். போடவில்லை என்றால் படகு நின்ற இடத்திலேயே சுற்றும்.

சங்கராபுரத்து ஜோடி ஒன்று அப்படித்தான் சுற்றிக்கொண்டிருந்தது. பின்னால் இருந்த மாப்பிள்ளை, “ரைட்டு, ரைட்டு, உனக்குச் சொன்னா புரியுதா? அந்த ரைட்டு இல்ல!” என்று பாடம் நடத்திக்கொண்டிருந்தார். அந்தப் பெண் அரை மணி நேரம் பொறுத்துப் பார்த்தது. பிறகு மெதுவாக, “ஏங்க, நீங்க துடுப்ப மடியில வச்சிக்கினு அந்த மயிலு எம்மாம் அழகா இருக்குது பாருங்க” என்றது. அவர் மயிலைப் பார்த்தார். படகு கோடு போட்டதுபோல நேராகக் கரைக்கு வந்து சேர்ந்தது. அவர்தான் முதலில் இறங்கினார். என்னைத் தனியாகக் கூப்பிட்டுப் பெருமையாகச் சொன்னார்:

“பாத்தீங்களாக்கா, கொஞ்ச நேரம்தான் சொல்லிக் குடுத்தேன், எப்டிப் புடிச்சிக்கினா!”

ஜாகீர்

ஆறு அணைக்குள் நுழைகிற இடத்தில் படகுகளை நிறுத்திக் கதை சொல்வேன். எதிரே தெரிகிற மலை, நாடு விடுதலை அடைந்த பிறகும் பல வருஷம் ஜாகீர்தார்கள் கையில் இருந்தது என்று சொல்வேன். மலையில் இருந்தவர்கள் அவர்களுக்குக் கூலியில்லாமல் உழைத்ததையும், சர்க்கார் வந்து அதற்கு முடிவு கட்டியதையும் சொல்வேன். கேட்கிறவர்கள் துடுப்பை மடியில் வைத்துவிட்டு மலையையே பார்ப்பார்கள். அந்த ஒரு இடத்தில்தான் எல்லாரும் தானாகவே சத்தம் இல்லாமல் இருப்பார்கள்.

ஒருநாள் வந்தவர்களில் ஒருவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டதைப் பார்த்து, அழுகிறார் என்று நினைத்து உருகிப்போனேன். அவர் மனை வாங்கி விற்கிறவராம்.

“மேடம், அந்த மேட்டுப் பக்கம் இருக்குதே, அதுக்கு இப்ப பட்டா கெடைக்குமா?”

முதல் வலை

மலையில் நல்ல மழை. அணை நிரம்பியது. இனி முதல் வலைதான். அதற்கு நாள் நட்சத்திரம் எதுவும் கிடையாது. புதுத்தண்ணீரின் கலங்கலைப் பார்த்து ராஜமாணிக்கம் அண்ணன் முடிவு செய்வார். முந்தின நாள் சாயந்திரம் கவிழ்த்து வைத்த பரிசலை எல்லாம் நிமிர்த்தி வைத்துவிட்டால் மறுநாள் காலை வலை என்று அர்த்தம். வலையை இழுத்து முடிக்கும்வரை தண்ணீர் மேல் யாரும் வாயைத் திறக்கக் கூடாது. பரிசலில் இருக்கிறவர்கள் இருமக்கூட மாட்டார்கள். முதலில் விழுந்த மீனை விற்கவும் மாட்டார்கள். கரையிலேயே குழம்பு வைத்து, அந்த நேரத்துக்கு யார் வந்தாலும் சோறு போடுவார்கள்.

பரிசல் நிமிர்ந்த அந்தச் சாயந்திரம் நான் தியாகதுருகத்தில் ஒரு வரவேற்பில் பிரியாணி சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். முருகேசன் பார்த்திருக்கிறான். எனக்குத் தெரிந்திருக்கும் என்று சும்மா இருந்துவிட்டான். மறுநாள் விடியும்போதே, சங்கராபுரத்தில் தையல் தைக்கிற பெண்கள் எட்டுப் பேரை ஏற்றிக்கொண்டு கிளம்பிவிட்டேன். எனக்கு முன்னாலேயே பரிசல்கள் போய் ஆற்று வாய்க்குப் பக்கத்தில் கரை மறைவில் நின்றதும், நாங்கள் ஆற்றுக்குள் போன பிறகு வலையைக் குறுக்கே கட்டியதும் எனக்குத் தெரியாது. வாரம் முழுக்கத் தையல் மிஷின் சத்தத்தில் உட்கார்ந்திருக்கிறவர்கள் அவர்கள். சாதாரணமாகப் பேசினாலே மிஷினை மிஞ்சித்தான் பேசுவார்கள். இருந்தாலும் நான் கும்பிட்டுக் கேட்டுக்கொண்டதற்காகப் போகும்போது அடக்கி வாசித்தார்கள்.

ஆற்றுக்குள் கொஞ்ச தூரம் போய்த் திரும்பினோம். அப்போது ஒரு தண்ணிப் பாம்பு, இந்தத் தடவை நிஜமாகவே பாம்பு, கலா என்கிற பெண்ணின் படகை உரசிக்கொண்டு போனது. கலா போட்ட அலறலில் கரையிலிருந்த மயிலெல்லாம் பறந்தன. அடுத்து எட்டுப் பேரும் கத்தினார்கள். கத்தினதோடு நிற்காமல், பாம்பு கிட்டே வரக் கூடாது என்று துடுப்பால் தண்ணீரைப் பட் பட்டென்று அடித்துக்கொண்டே அணையைப் பார்த்து வேகமாகப் படகை விட்டார்கள். நான் விசில் ஊதினேன். அதுவும் சத்தத்தோடு சத்தமாகப் போயிற்று.

வளைவு திரும்பினால், ஆற்றின் வாயை அடைத்துக் குறுக்கே வலை. அதன் பின்னால் வரிசையாகப் பரிசல்கள். நடுப்பரிசலில் ராஜமாணிக்கம் அண்ணன். எனக்கு உயிரே போய்விட்டது. பெண்களும் அவர் முகத்தைப் பார்த்துக் கப்பென்று வாயை மூடிக்கொண்டார்கள். அவர் கண் சிவந்திருந்தது, மீசை துடித்தது. திட்ட வேண்டியது எல்லாம் நெஞ்சுவரை வந்து நிற்கிறது. ஆனால் வாயைத் திறக்க முடியாதே, வலை இன்னும் தண்ணீரில் இருக்கிறதே! கையை வீசினார், தலையில் அடித்துக்கொண்டார், என்னைக் காட்டிவிட்டு ரோட்டைக் காட்டினார். படகை வண்டியில் ஏற்று என்று அதற்கு அர்த்தம். எனக்கு அழுகை வந்துவிட்டது. ஜவுளிக்கடை முதலாளிக்கு எப்படிப் போன் செய்வது என்றுகூட யோசித்துவிட்டேன்.

அப்போதுதான் வலையின் மிதப்புகளில் ஒன்று தண்ணீருக்குள் அமுங்கியது. பக்கத்தில் இன்னொன்று. பிறகு வரிசையாக, ஒன்றுவிடாமல். புதுத்தண்ணீருக்கு ஆற்றுக்குள் ஏறிப் போயிருந்த மீனெல்லாம் பெண்கள் போட்ட கூச்சலுக்கும் அடித்த அடிக்கும் பயந்து, கீழே ஓடிவந்து வலையில் விழுந்திருந்தது. இரண்டு பரிசல் இழுக்க முடியாமல் மூன்றாவதும் வந்து சேர்ந்தது. கட்லாவும் ரோகுவும் வெள்ளை வெள்ளையாகத் துள்ளின. அப்போதும் யாரும் பேசவில்லை. கலா சேலை முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். எனக்கு அழுகையும் நிற்கவில்லை, சிரிப்பும் நிற்கவில்லை. வலையின் கடைசி முழம் பரிசலுக்குள் ஏறியது. இனிப் பேசலாம். எல்லாரும் ராஜமாணிக்கம் அண்ணன் வாயையே பார்த்தோம். அவர் துண்டால் முகத்தைத் துடைத்தார், மீனைப் பார்த்தார், பெண்களைப் பார்த்தார், கடைசியில் என்னைப் பார்த்தார்.

“இன்னாம்மா முழிச்சிக்கினு நிக்கிற? எல்லாரயும் சாப்ட இட்டுக்கினு வா. இனிமே மீன மெரட்டறதா இருந்தா, எந்தப் பக்கத்துல இருந்து மெரட்டணும்னு மொதல்ல என்னக் கேட்டுட்டு மெரட்டு.”

ஆக, பயிற்சி, விசில், ஜாக்கெட், கும்பிடு எல்லாம் போட்டும் என்னால் காப்பாற்ற முடியாத இந்த வேலையை, நான் செய்யவே கூடாது என்று சொன்னதைச் செய்து எட்டு வாடிக்கையாளர்கள் காப்பாற்றிக் கொடுத்துவிட்டு, குழம்பில் உப்பு கம்மி என்றும் சொல்லிவிட்டுப் போனார்கள்.