அலாய் கம்பம், ஸ்டீல் கம்பம், செல்வியின் காது

கூடாரத்துக்கு அலாய் கம்பம் நல்லதா, ஸ்டீல் கம்பம் நல்லதா? போன வாரம் வரை கேட்டிருந்தால் அரைமணி நேரம் பேசியிருப்பேன். இப்போது... அதை ஏன் கேட்கிறீர்கள்!

எங்கள் சின்னவள் செல்விக்குக் காதுகுத்து. குலதெய்வம் குன்னம் ஊரைத் தாண்டிப் பருத்திக் காட்டுக்கு நடுவில் இருக்கிறாள். மண்டபம் கிடையாது, பக்கத்தில் மரமும் கிடையாது. அம்மனே வெட்டவெளியில்தான். வைகாசி வெயிலில் சொந்தபந்தத்தை எங்கே உட்காரவைப்பது? குடும்பமே தங்குகிற மாதிரி பெரிய கூடாரத்துணி ஒன்று வாங்கியாயிற்று. கம்பத்தில்தான் வந்தது வம்பு.

"ஸ்டீல்தான் நிக்கும்" என்றேன் நான்.

"அலாய் வாங்குங்க மாப்ள. ஏரோப்ளேனே அதுலதான் செய்யறான்" என்றார் என் மனைவியின் அண்ணன் சுப்பிரமணி.

"அதான் மச்சான் பயமா இருக்கு. பறந்துடப் போவுது!"

இருவரும் விட்டுக்கொடுக்கவில்லை. அவர் இரண்டு அலாய் கம்பம் வாங்கினார். நான் இரண்டு ஸ்டீல். கூடாரத்துக்கு நான்கு கால் - ஆளுக்குப் பாதி!

வெள்ளிக்கிழமை காலை மச்சான் தன் கம்பங்களை ஒற்றைக் கையில் ஆட்டிக்கொண்டு வந்தார். என்னுடையதை பஸ் கூரையில் ஏற்றுவதற்குள் கண்டக்டர், "என்னங்க, கோயிலுக்குக் கொடிமரமா?" என்றார். பஸ்ஸே சிரித்தது. இறங்கி, ஒற்றையடிப் பாதையில் தோளில் சுமந்தபோது 'தாயே, தாயே' என்று அடிக்கொரு தரம் கூப்பிட்டேன். பக்திதான்... கொஞ்சம் தோள்வலியும்.

மச்சான் திரும்பிப் பார்த்து, "என்ன மாப்ள, காவடியா?" என்றார்.

கூடாரம் எழுந்தது. தாய்மாமன் மடியில் செல்வி உட்கார்ந்தாள். ஆசாரி ஒரு காதைக் குத்தினார். அவ்வளவுதான், ஊரே கேட்கிற மாதிரி ஓர் அலறல்! மறு காதை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டாள். மிட்டாய், பொம்மை, கெஞ்சல் - ஒன்றும் பலிக்கவில்லை. பத்தரைக்கு ராகு காலம் வேறு.

"ஒத்தக் காதோடயா புள்ளய வூட்டுக்குத் தூக்கிட்டுப் போறது?" என் மனைவிக்குக் கண் கலங்கிவிட்டது.

அந்த நேரம் பார்த்துக் காற்று வந்தது. அலாய் கம்பம் வில்லாக வளைந்தது. நான் சிரித்தேன். ஸ்டீல் கம்பம் அசையவே இல்லை. ஆனால் விறைத்து நின்ற அதன் முனையில் துணி டர்ரென்று கிழிந்தது. மச்சான் சிரித்தார். சிரித்துக்கொண்டே தன் கம்பத்தைப் பிடிக்க எழப் போனார்.

"எந்திரிக்காதண்ணே! நீ எந்திரிச்சா யாரு மடியில குத்துறது?" என்று கத்தினாள் என் மனைவி.

வேறு வழி? நான் கிண்டல் செய்த அதே கம்பத்தை நானே போய்க் கட்டிப்பிடித்தேன். துணி காற்றை வாங்கி உப்பியது. முளை பிடுங்கிக்கொண்டது. கம்பமும் துணியும் நானுமாகப் பருத்திக் காட்டுக்குள் புறப்பட்டோம்!

"மாப்ள, ஏரோப்ளேன் கெளம்பிடுச்சு!" என்று மச்சான் கூவினார்.

செல்வி பார்த்தாள். அப்பா துணிக்குள் சுருண்டு ஓடுகிறார், வேட்டி ஒரு பக்கம், ஆள் ஒரு பக்கம்! இரண்டு கையையும் தட்டிக் கெக்கலி கொட்டிச் சிரித்தாள். கை காதை விட்டதல்லவா? ஆசாரி குத்திவிட்டார். அழ மறந்துவிட்டாள் என் தங்கம்.

திரும்பி வந்து அம்மன் முன்னால் விழுந்தேன். பூசாரி விபூதி கொடுத்துக்கொண்டே, "கூரையே வேணாம்னு ஆத்தா வெயில்ல நிக்கிறா. அவ வாசல்ல வந்து கூடாரம் போட்டா சும்மா இருப்பாளா?" என்றார்.

கம்பம் வாங்கப் போகிறவர்களுக்கு நான் கண்டது இதுதான்: தூக்க அலாய் சுகம், நிற்க ஸ்டீல் உறுதி. எங்கள் தாய் ஒரு ஊது ஊதினால் இரண்டும் ஒன்றுதான்.

அடுத்து அதே கோயிலில் மச்சான் மகனுக்கு மொட்டை. ஆளுக்கொரு குடை போதுமாம் - அதன் கம்பி எதில் செய்தது என்று வாயைத் திறக்கக்கூடாது என்பது என் மனைவியின் உத்தரவு!