பெரட்டில் வாசித்த என் பேர்

எனக்குக் கல்யாணம் கட்டிவைத்த அன்றைக்கு ஒரு கையை எங்கம்மா பிடித்திருந்தாள், மறு கையைக் கங்காணியின் பெண்சாதி பிடித்திருந்தாள். பிடிக்காவிட்டால் ஓடியிருப்பேன். மாத்தளைக்கு மேலே, தேயிலைத் தோட்டத்து மாரியம்மன் கோயில், ஒரு ஞாயிற்றுக்கிழமை. எனக்குப் பத்தொன்பது வயது. அப்பா காய்ச்சலில் போய் ஆறு மாதம். மாப்பிள்ளை கங்காணியின் மச்சினன். முதல் பெண்சாதியை அடித்தே சாகடித்தவன் என்று நாங்கள் குடியிருந்த லயத்தில் எல்லாரும் சொன்னார்கள்.

"சனங்க வாய்க்கு என்ன, ஆயிரம் சொல்லும்" என்றார் கங்காணி. அம்மா அவர் கீழே வேலை செய்யும் ஆள். அவர் சொல்லைத் தட்டினால் அந்த ஒற்றை அறை லயத்துக் காம்பராவை விட்டு எங்கே போவாள்?

சோறு குழைந்தால் அடி, விறைத்தால் அடி. அடித்து முடித்துவிட்டு, குடிக்கத் தண்ணீர் மோந்து கொடுப்பான். அடியைவிட எனக்கு அதுதான் பயம். மூன்று தடவை அம்மாவிடம் ஓடினேன். மூன்று தடவையும் அவளே கூட்டிவந்து விட்டாள். "நான் என்னத்தப் பண்ணுவேன் ஆத்தா" என்று வாசலில் நின்று அழுதுவிட்டுப் போவாள். அவன் உதைத்ததில் வயிற்றில் இருந்த ஐந்து மாதமும் போயிற்று. நாலாம் நாள் கூடையைக் கட்டிக்கொண்டு மலையேறினேன்.

பக்கத்து நிரையில் கொழுந்தெடுத்தவள் நல்ல வாயாடி. என் முகத்தைப் பார்த்துச் சிரிக்கவைக்க நினைத்தாள் போல.

"ஏண்டி, நீ கல்யாணம் கட்டினத கணக்கப்பிள்ளைக்கு யாரும் சொல்லலையா?"

"ஏங்க்கா?"

"வெள்ளன ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக்களத்துல பேர் வாசிக்கிறப்ப, செத்துப்போன ஒங்கப்பன் மகள்னுதானே ஒன்னயக் கூப்பிடுறாரு. ரெண்டு வருசமாச்சு. ஒம் புருசனுக்கு ரோசமே கெடையாதாடி?"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. கொழுந்தை விட்டுவிட்டு அப்படியே நின்றேன்.

ஒருத்தி கல்யாணம் கட்டினால் அவள் பேர் புருசனுடைய கங்காணி கீழே மாற வேண்டும். என் புருசன் அதே தோட்டத்தில் வேறு கங்காணியின் ஆள். பேரை மாற்றினால் தன் கீழே ஒரு தலை குறையுமே என்று எங்கள் கங்காணி மாற்றாமலே விட்டிருந்தார். எத்தனை ஆள் என்பதுதானே கங்காணிமார் பெருமை.

அந்திக்குக் கொழுந்து நிறுத்ததும் நேரே ஆபீசுக்குப் போனேன். கங்காணி இல்லாமல் ஒரு பொம்பளை அங்கே போய் யாரும் பார்த்ததில்லை. தோட்டத்தை விட்டுப் போகத் துரை கையெழுத்துப் போட்ட பத்துச்சீட்டு வேண்டும். அது இல்லாமல் வேறு தோட்டத்தில் வேலை கிடையாது.

"பத்துச்சீட்டு வேணுங்கய்யா."

"புருசன்காரன் எங்க?" என்றார் கிளாக்கர் ஐயா.

"ஏட்டப் பாருங்கய்யா. அதுல எனக்குப் புருசன் இருக்கானா?"

அவர் விரலை ஓட்டிப் பார்த்தார். அதற்குள் கங்காணி மூச்சிரைக்க ஓடிவந்தார். "அய்யா, அது எம் மச்சினன் பெண்சாதிங்க. நானே நின்னு கட்டிவச்சேன்."

"அப்ப ரெண்டு வருசமா ஏன் பேரை மாத்தாம வச்சிருந்தே? தொரைகிட்ட நீயே சொல்றியா?"

கங்காணி வந்த வழியே திரும்பிப் போனார். துரை என்னை நிமிர்ந்துகூடப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டார். அம்மாவிடம் சொல்லிக்கொள்ளாமலே கிளம்பினேன். சொன்னால் மறுபடி கையைப் பிடிப்பாள்.

யட்டவத்தைப் பக்கம் ஒரு தோட்டத்தில் வேலை கிடைத்தது. வேலைதான் கிடைத்தது. யாராவது ஆம்பளை தண்ணீர்ச் செம்பை நீட்டினால் சுவரோடு ஒட்டிக்கொள்வேன். "இவளுக்குப் பேய் புடிச்சிருக்கு" என்பார்கள். அடுத்த காம்பராக்காரி மட்டும், "பேய் இல்ல, அது எவனோ ஒருத்தன் பண்ணுன வேல" என்பாள்.

ஒரு வருசம் கழித்து அவன் வந்தான். அந்தத் தோட்டத்துக் கங்காணி முன்னால் நின்று, "ஒங்காத்தா சாகக் கெடக்கா, வாடி" என்றான்.

கங்காணி என்னைப் பார்த்தார். "இவன் ஒம் புருசனா?"

ஆமாம் என்றால் அம்மாவைப் பார்க்கலாம். திரும்பி வர முடியாது.

"இல்லைங்க."

அவன் ஏதோ ஏசிக்கொண்டே போனான். பொய் சொல்லி இழுக்கப் பார்க்கிறான் என்றுதான் நினைத்தேன். அது பொய் இல்லை என்று ஒரு மாதம் கழித்துத்தான் தெரிந்தது. அம்மா வாயில் நான் அரிசி போடவில்லை. அதற்கு இன்றைக்கும் அழுகிறேன். அன்றைக்குச் சொன்ன வார்த்தைக்கு ஒரு நாளும் அழுததில்லை.