என் பிள்ளையின் பக்கத்தில் யார் இருந்தார்கள்?

பிரியமான சகோதர சகோதரிகளே, முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். என் மகன் பிழைக்கவில்லை. பலருடைய சாட்சிகளில் கடைசியில் நோயாளி எழுந்து நடப்பார். என் சாட்சியில் அது இல்லை. ஆனாலும் ஆண்டவர் எனக்குப் பதில் தந்தார். அதைச் சொல்லாமல் இருக்க என்னால் முடியவில்லை.

என் பெயர் ரெஜினா. ஐதராபாத்தில் லோத்குண்டா பகுதியில் இருக்கிறோம். பள்ளிக்கூடத்தில் இயற்பியல் சொல்லிக் கொடுக்கிறேன். என் கணவர் பீட்டருக்கு கச்சிபௌலியில் வேலை. இருவருக்கும் சொந்த ஊர் திண்டுக்கல் பக்கம். தமிழ்நாட்டில் இயேசு சபைக் குருக்கள் நடத்தும் கல்லூரி ஒன்றில் சேர்ந்து படித்தோம். இப்போது அது பல்கலைக்கழகமாகிவிட்டது. எங்களுக்கு இன்னமும் அது 'காலேஜ்'தான்.

ஐதராபாத்தில் அந்தக் காலேஜில் படித்த பன்னிரண்டு குடும்பங்கள் இருக்கிறோம். மாதத்தின் முதல் ஞாயிறு யாராவது ஒருவர் வீட்டில் கூடுவோம். ஐம்பது வயது ஆண்கள் விடுதிச் சாம்பாரைப் பற்றிச் சண்டை போடுவார்கள். ஆயிரம் மாணவர்களையும் பெயர் சொல்லிக் கூப்பிட்ட எங்கள் முதல்வர் ஃபாதரை நினைத்து யாராவது கண் கலங்குவார்கள். அந்தக் கூட்டத்தில் அதிகம் பேசுபவர் என் கணவர்தான். வரவேற்பறையில் எங்கள் வகுப்புப் புகைப்படத்தைச் சட்டம் போட்டு மாட்டி வைத்திருந்தார். காலேஜ்தான் தன்னை மனிதனாக்கியது என்று சொல்வார். நம்பியே சொல்வார்.

எங்களுக்கு ஒரே பிள்ளை, ஆல்வின். இங்கேயே பிறந்து வளர்ந்தவன். நாங்கள் தமிழில் கேட்போம், அவன் தெலுங்கில் பதில் சொல்வான். பிளஸ் டூ முடித்ததும் அவனை நாங்கள் படித்த இடத்துக்கே அனுப்ப வேண்டும் என்று பீட்டர் முடிவு செய்தார். பிள்ளைக்கு இஷ்டமில்லை. அவன் நண்பர்கள் எல்லாரும் இங்கே. "நேனு வெள்ளனு மம்மி," போகமாட்டேன் அம்மா என்று என் பின்னாலேயே சுற்றினான். நான் அவனுக்காக வாதாடியிருக்கலாம். செய்யவில்லை. மூன்று வருடம்தானே, தமிழும் படித்துக்கொள்வான் என்று நினைத்தேன்.

அவன் இரண்டாம் ஆண்டில் இருந்தபோது, செபமாலை மாதமான அக்டோபரில், ஒரு செவ்வாய்க்கிழமை மாலை அவன் அப்பாவுக்குப் போன் செய்தான். நான் சமையலறையில் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தேன். ஸ்பீக்கரில் அவன் குரல் கேட்டது.

"டாடி, ஜ்வரம் உந்தி. இண்ட்டிக்கி ரானா?" காய்ச்சல் அடிக்கிறது, வீட்டுக்கு வரட்டுமா என்று கேட்டான்.

"ஒரு காய்ச்சலுக்கு யாராவது அவ்வளவு தூரத்துல இருந்து கிளம்பி வருவாங்களாடா? டெஸ்ட் வேற இருக்குல்ல. மாத்திரையப் போட்டுட்டுப் படு," என்றார் பீட்டர்.

"ஓகே டாடி," என்றான்.

அவ்வளவுதான். நானும் குறுக்கே ஒரு வார்த்தை சொல்லவில்லை. பீன்ஸை நறுக்கி முடித்தேன்.

வியாழன் காலை விடுதிக் காப்பாளர் ஃபாதர் அழைத்தார். டெங்கு. ரத்த அழுத்தம் இறங்குகிறது, பெரிய மருத்துவமனைக்கு மாற்றுகிறோம், உடனே வாருங்கள் என்றார். கிடைத்த விமானத்தில் ஏறினோம். வழியெல்லாம் நான் செபமாலை சொன்னேன். இறங்கிப் போனைப் போட்டபோது ஃபாதர், "வாங்கம்மா, வாங்க," என்று மட்டும் சொன்னார். அந்தக் குரலிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. ஆம்புலன்ஸ் மருத்துவமனை வாசலை அடைந்தபோதே அவன் மூச்சு நின்றிருந்தது. பத்தொன்பது வயது.

மருத்துவமனை வராந்தாவில் எத்தனையோ மாணவர்கள் நின்றார்கள். ஒரு முகமும் எனக்குப் பதியவில்லை. பிள்ளையை இங்கே கொண்டுவந்து போலாரம் பக்கம் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்தோம்.

அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் பேச்சு நின்றுபோனது. சாவி எங்கே, சாப்பிட்டாச்சா, இந்த இரண்டு கேள்விகள்தான். பீட்டர் காலேஜ் வாட்ஸ்அப் குழுவை விட்டு வெளியேறினார். சுவரில் இருந்த வகுப்புப் புகைப்படத்தைக் கழற்றிக் கட்டிலுக்கு அடியில் தள்ளினார். ஞாயிறு பூசைக்குக் கூப்பிட்டால், "நீ போயிட்டு வா," என்பார். முதல் ஞாயிறு கூட்டத்தையும் விட்டுவிட்டோம். ஆல்வின் என்ற பெயரை அவர் ஒருமுறைகூட உச்சரிக்கவில்லை. அவர் நெஞ்சில் என்ன ஓடுகிறது என்று எனக்குத் தெரியும். எனக்கும் அதுதான் ஓடியது. ஆனால் அந்தத் தொலைபேசி அழைப்பைப் பற்றி நாங்கள் பேசினால் ஒருவரை ஒருவர் கொன்றுவிடுவோம் என்று பயந்தோம்.

ஆறுதல் சொல்ல வந்தவர்கள், "அவன் இப்ப ஆண்டவர்கிட்ட இருக்கான் ரெஜினா," என்றார்கள். நல்ல மனதோடுதான் சொன்னார்கள். என் மனம் வேறொன்றைக் கேட்டது. அதற்கு முந்தின ஒரு மணி நேரம் அவன் யாரிடம் இருந்தான்?

ஃபாதரிடம் ஒருமுறை போனில் கேட்டேன். படுக்கைக்கு ஏற்பாடு செய்யத் தான் முன்னாலேயே போய்விட்டதாகவும், வண்டியில் ஒரு நர்ஸ் இருந்ததாகவும் சொன்னார். "எண்ணெய் பூசி நோயில்பூசுதல் குடுக்க முடியலம்மா," என்று சொல்லிவிட்டு அவரே அழுதுவிட்டார். மேலே எதுவும் கேட்க எனக்கு மனம் வரவில்லை.

அந்த நவம்பரில் கல்லறைத் திருநாள் வந்தது. மெழுகுதிரி ஏற்றிவிட்டுக் கல்லறை முன்னால் உட்கார்ந்தேன். ஆன்ம இளைப்பாற்றிக்காக வேண்டத்தான் போனேன். வாயில் அந்த வார்த்தைகள் வரவில்லை. வேறொன்று வந்தது. "ஆண்டவரே, பிள்ளையைத் திருப்பிக் கேட்கவில்லை. அவன் போகும்போது பக்கத்தில் யார் இருந்தார்கள்? யாராவது உம் பெயரை அவன் காதில் சொன்னார்களா? இதை மட்டும் எனக்குத் தெரியப்படுத்தும்."

அன்றிலிருந்து என்னிடம் வேறு செபம் இல்லை. பேருந்தில் போகும்போதும், பரீட்சைத் தாள் திருத்தும்போதும் அதையேதான் கேட்டேன். ஒரு வருடம் போனது. இன்னொரு கல்லறைத் திருநாளும் போனது. வானம் கல்லாக இருந்தது. சில நாள் ஆண்டவரைத் திட்டினேன். அதையும் மறைக்க விரும்பவில்லை.

அவன் போய் ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் ஆகப்போகும் சமயம், ஆகஸ்ட் மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை. பூசை முடிந்து வந்து சோறு வடித்துக்கொண்டிருந்தேன். எங்கள் காலேஜில் எனக்கு ஐந்து வருடம் மூத்தவரான ஸ்டெல்லா அக்கா போன் செய்தார். போலாரத்தில் இருப்பவர், ஞாயிறு கூட்டத்தைக் கட்டிக் காப்பவர்.

"ரெஜி, நம்ம காலேஜ்ல இருந்து புதுசா ஒரு தம்பி வேலைக்கு வந்திருக்கு. கச்சிபௌலியில. உன்னப் பாக்கணுங்குது. கூட்டிட்டு வரவா?"

"என்னை எதுக்குக்கா?"

ஸ்டெல்லா அக்கா குரலைத் தாழ்த்தினார். "ஆல்வின் ரூம்மேட்டாம்மா."

அரை மணி நேரத்தில் வந்துவிட்டார்கள். ஒல்லியாக, கறுப்பாக, அலுவலக அடையாள அட்டையைக் கழற்ற மறந்து கழுத்தில் போட்டபடி ஒரு பையன் வாசலில் நின்றான். பெயர் முத்துக்குமார். சிவகங்கைப் பக்கம் ஒரு கிராமம். விஷயம் தெரிந்ததும் பீட்டர் வெளியே கிளம்ப ஹெல்மெட்டைக் கையில் எடுத்துவிட்டார்.

"பீட்டர், ரெண்டே நிமிஷம் உக்காரு," என்றார் ஸ்டெல்லா அக்கா. அவர் உட்காரவில்லை. நின்றார்.

"ரெண்டு தடவை உங்க கேட் வரைக்கும் வந்துட்டுத் திரும்பிப் போயிட்டேன்மா," என்று ஆரம்பித்தான் முத்து. "அன்னைக்கு ஆஸ்பத்திரியிலயும் உங்க முன்னாடி வர தைரியம் வரல. நான்தான் ஹைதராபாத்தோட ரூம்மேட்டு."

"ஹைதராபாத்தா?"

"எல்லாரும் அவன அப்படித்தாம்மா கூப்புடுவோம். காலேஜ் பூரா."

பிறகு அவன் சொல்லச் சொல்ல, எங்களுக்குத் தெரியாத ஒரு ஆல்வின் அந்த அறைக்குள் வந்தான். முதல் மாதம் யாரோடும் பேசாமல் இருந்தானாம். தமிழ் எழுத்து முத்து சொல்லிக் கொடுத்தானாம், இவன் பதிலுக்கு இங்கிலீஷ் சொல்லிக் கொடுத்தானாம். சனிக்கிழமைகளில் மாணவர்கள் பக்கத்துக் கிராமங்களுக்குப் போய்ப் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்த வேண்டும். எங்கள் காலத்திலும் அது உண்டு. அங்கே இவன் கணக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறான்.

"வேணாங்கிறதுக்கு உங்க ஊரு மாதிரி நக்கோ நக்கோன்னுதான் வரும் அவனுக்கு. இப்ப அந்த ஊர்ப் பிள்ளைகளும் கத்துக்கிட்டுதுகம்மா. அம்மா சோறு வச்சா, நக்கோங்குதுக. அவுக அம்மாமாருக்கு ஒண்ணும் வெளங்கல."

எனக்குச் சிரிப்பு வந்தது. இரண்டு வருடத்தில் முதல் சிரிப்பு. அது பாதியில் அழுகையாக மாறியது. அப்போதுதான் கேட்டேன்.

"தம்பி, ஆம்புலன்ஸ்ல அவன்கூட யாருப்பா இருந்தா?"

அவன் தலை குனிந்துகொண்டான். "நாந்தாம்மா இருந்தேன். ஏறாதேன்னாங்க. ஏறிட்டேன். முன்னாடியே போயிட்ட ஃபாதருக்குத் தெரியாது."

பீட்டரின் கையில் இருந்த ஹெல்மெட் சோபாவில் விழுந்தது.

"கையப் புடிச்சுக்கிட்டான்மா. மம்மி எப்ப வருவாங்கன்னு கேட்டான். வந்துக்கிட்டே இருக்காகடான்னு சொன்னேன். கொஞ்ச நேரத்துல பேச்சு வரல. எனக்குப் பயமாப் போச்சு. உங்க செபம் எனக்கு ஒண்ணும் தெரியாதும்மா. எங்க வீட்டுல முனியாண்டி சாமியத்தான் கும்புடுவோம். ஆனா ஹாஸ்டல் சேப்பல்ல தெனமும் சாயங்காலம் அருள் நிறைந்த மரியே சொல்லுவாங்கள்ல, அது கேட்டுக் கேட்டு மனப்பாடம் ஆயிருச்சு. அதையே அவன் காதுல சொல்லிக்கிட்டே போனேன்."

கழுத்தில் கிடந்த அடையாள அட்டையை அவன் அப்போதுதான் கழற்றினான்.

"ஒரு தப்புப் பண்ணிட்டேன்மா. அதச் சொல்லத்தான் வந்தேன். அந்தச் செபத்துல கடைசியில மரண வேளைன்னு வருமுல்ல. அத எப்படி அவன்கிட்டச் சொல்றது? அந்த எடம் வந்ததும் நிறுத்திட்டு மறுபடியும் மொதல்ல இருந்து ஆரம்பிச்சேன். எத்தன தடவன்னு தெரியாது. ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும். கடைசி வரைக்கும் முழுசாச் சொல்லவே இல்லம்மா. மன்னிச்சிருங்க."

சகோதர சகோதரிகளே, நான் எழுந்துபோய் அந்தப் பிள்ளையின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டேன். என் மகன் கடைசியாகப் பிடித்த கைகள் அவை. இரண்டு ஆண்டுகள் நான் கேட்ட இரண்டு கேள்விகளுக்கும் அன்றைக்கு என் வீட்டு வரவேற்பறையில் பதில் வந்தது. அவன் நிறுத்திய இடத்துக்கு முன்னாலேயே அந்தச் செபத்தில் இயேசுவின் பெயர் வந்துவிடும். அந்தப் பதில் இனிப்பாக இல்லை. மம்மி எப்போது வருவார்கள் என்று கேட்டான் என்பது இன்றும் என்னை அறுக்கிறது. ஆனால் என் பிள்ளை தனியாகப் போகவில்லை.

முத்து தேம்பினான். "செவ்வாக்கெழம காய்ச்சல்ன்னப்ப நாந்தாம்மா மாத்திரை குடுத்து, தூங்கு சரியாயிரும்னேன். அன்னைக்கே ஆஸ்பத்திரி கூட்டிட்டுப் போயிருந்தா..."

அதுவரை சுவர் ஓரம் நின்ற பீட்டர் வந்து அவன் முன்னால் தரையில் உட்கார்ந்தார்.

"நீ என்னடா பண்ணுவ? சின்னப் பய நீ. வீட்டுக்கு வரட்டுமான்னு எங்கிட்ட கேட்டான். நான்தான் வராதேன்னேன். பெத்த அப்பன் நான். என் ஆல்வின வராதேன்னு சொல்லிட்டேன்டா."

அந்தப் பெயரை அவர் வாயில் கேட்டேன். அவர் அழுது அன்றுதான் பார்த்தேன். அடக்கம் அன்றுகூட அவர் அழவில்லை. "அது சாதாரணக் காய்ச்சல்னுதானே அங்கிள் எல்லாரும் நெனச்சோம்," என்று முத்து சொல்லிக்கொண்டே இருந்தான். அவனைத் தேற்ற இவரும், இவரைத் தேற்ற அவனும். நான், "நானும் கேட்டுட்டுதாங்க இருந்தேன். நானும் ஒண்ணும் சொல்லல," என்றேன். இரண்டு ஆண்டுகள் தொண்டையில் நின்றது வெளியே வந்தது. நாங்கள் பயந்தபடி யாரும் யாரையும் கொல்லவில்லை.

பீட்டர் முகத்தைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். "ரெஜி, அவன் சொல்லாம விட்ட வரிய நாம சொல்லிருவோமா?"

நான்கு பேரும் சேர்ந்து அந்தச் செபத்தை முதலில் இருந்து சொன்னோம். கடைசி வரியில் என் குரல் உடைந்தது. முத்துதான் தெளிவாகச் சொல்லி முடித்தான். ஸ்டெல்லா அக்கா ஆமென் என்றார்.

இது நடந்து ஒரு வருடம் ஆகிறது. பீட்டர் இப்போது பூசைக்கு வருகிறார். பின்வரிசையில்தான் உட்காருகிறார், நற்கருணை வாங்கச் சில ஞாயிறுகளில் எழுவதில்லை. நான் வற்புறுத்துவதில்லை. போன கல்லறைத் திருநாளுக்கு இறந்தோர் பட்டியலில் ஆல்வின் பெயரை அவரே எழுதிக் கொடுத்தார். காலேஜில் படித்துவிட்டு வேலைக்காகப் புதிதாக ஐதராபாத் வரும் பிள்ளைகளுக்கு முதல் மாதம் எங்கள் வீட்டில்தான் ஞாயிற்றுச் சாப்பாடு. யாருக்காவது காய்ச்சல் என்றால் பீட்டர் உடனே ஸ்கூட்டரை எடுத்துவிடுவார். பையன்கள் கேலி செய்வார்கள். அவர் கேட்கமாட்டார். முத்துவின் அம்மா வாரம் ஒருமுறை சிவகங்கையில் இருந்து பேசுகிறார், "எம்மகன் சாப்புட்டானா தாயி?" என்று.

காயம் ஆறிவிட்டது என்று நான் பொய் சொல்லமாட்டேன். அக்டோபர் பிறந்தால் என்னால் பீன்ஸ் வாங்க முடியாது. அழுதுகொண்டேதான் ஆண்டவருக்கு நன்றி சொல்கிறேன். நான் விமானத்தில் செபமாலை சொல்லிக்கொண்டிருந்த அதே வேளையில், முனியாண்டியைக் கும்பிடும் ஒரு பிள்ளையின் வாயில் அவர் தம் தாயின் செபத்தை வைத்திருந்தார். பதிலை அவர் அன்றே கொடுத்துவிட்டார், எனக்குத் தெரிய இரண்டு ஆண்டுகள் ஆயின. அவ்வளவுதான் வித்தியாசம்.

உங்களில் யாராவது பதில் கிடைக்காத ஒரு கேள்வியோடு இருந்தால், கேட்பதை விட்டுவிடாதீர்கள். கோபத்தோடாவது கேளுங்கள், அவர் தாங்கிக்கொள்வார். இன்னொன்றும் கேட்டுக்கொள்கிறேன். எங்காவது, யாரோ ஒருவருடைய பிள்ளை நோயில் கிடக்கும் இடத்தில் நீங்கள் நிற்க நேர்ந்தால், செபம் முழுசாகத் தெரியவில்லையே என்று தயங்காதீர்கள். போய்க் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். தூரத்தில் ஒரு தாய் உங்களைத்தான் கேட்டு மன்றாடிக்கொண்டிருப்பாள்.